நாள் நான்கு

அல்பேனியா எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு
ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்:
கிரீஸுக்கு மேலே, இத்தாலிக்கு எதிர்க்கரையில்,
வரைபடத்தில் யாரும் விரல் வைக்காத இடத்தில்.

புதுச்சேரி காமராஜர் சாலையில்
பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் உட்கார்ந்து
ஆறு வருஷமாக அந்த நாட்டில் ஆட்களை நடக்கவிடுகிறேன்.
ஏழு இரவு, எட்டுப் பகல், வழிகாட்டியோடு.
பெட்டிகள் கோவேறு கழுதைமேல் முன்னால் போய்விடும்.
ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறிப்பு:
தூரம், ஏற்றம், தண்ணீர் கிடைக்குமிடம்,
மந்தை நாயைக் கண்டால் செய்யக்கூடாதவை.
கடைசியில் ஒரு வரி.
தரம்: மிதமான கடினம்.

நான் போனதில்லை.
பெஸ்னிக் அனுப்பும் படங்களிலிருந்தும்
அவன் குரல்பதிவில் இரைக்கும் மூச்சிலிருந்தும் எழுதுகிறேன்.
'இந்த இடத்தில் பாதை கொஞ்சம் யோசிக்கும்' என்பான்.
'கவனம் தேவை' என்று மாற்றிவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை
பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு கண்டக்டரை அறைந்துவிட்டார்கள்.
நாலு மணிக்கு ஒரு வண்டி ஓடவில்லை.
கடலூருக்கு ஆட்டோ ஆயிரம் கேட்டது.
ஆயிரமா என்றேன். ஏறினால் ஏறு என்றது.
ஏறவில்லை.

இருபத்திரண்டு கிலோமீட்டர்.
ஏற்றம்: பாலங்கள் மட்டும்.

அரியாங்குப்பம் பாலத்தில் போன் அடித்தது.
அக்கா தங்கை, அறுபதைத் தாண்டியவர்கள்,
படம் எடுக்க நின்றதில் குழுவைத் தவறவிட்டார்கள்.
பெஸ்னிக்குக்கு சிக்னல் இல்லை. எனக்கு இருந்தது.
பாறையில் சிவப்பு வெள்ளைப் பட்டையைக் காணோமாம்.
என்ன தெரிகிறது?
இடிந்த சுவர். வாதுமை மரம். ஒரு குதிரை.
குதிரைக்குப் பின்னால் இடதுபக்கம் இறங்குங்கள், என்றேன்,
சொந்தத் தெருவைச் சொல்வதுபோல.
குதிரை எந்தப் பக்கம் பார்த்து நிற்கவேண்டும், என்றாள் தங்கை.
அதை நான் யோசித்ததே இல்லை.
படத்தில் அது எப்போதும் அங்கேயே நின்றது.

மீன் லாரி ஒன்று காது கிழிய ஹாரன் அடித்துப் போனது.
நீ எங்கே இருக்கிறாய், என்றாள் அக்கா.
நானும் நடந்துகொண்டிருக்கிறேன்.
எந்தப் பாதை?
வீட்டுப் பாதை. முதல் தடவை.
பெயர் கேட்டாள். தையல்நாயகி என்றேன்.
தையா, உனக்கு வழிகாட்டி யார், என்றாள்.
மைல்கல், என்றேன். சிரித்தார்கள்.
சிரிப்பின் நடுவே லைன் அறுந்தது.

சுண்ணாம்பாற்றில் படகுக்காரர்கள் படகைக் கட்டினார்கள்.
தவளக்குப்பத்தில் குதிகாலில் கொப்புளம்.
கிருமாம்பாக்கத்தில் ஒரு டீ, ஒரு பிளாஸ்திரி.
இந்த ஊர்களையெல்லாம் ஆறு வருஷம்
ஜன்னலோரம் தூங்கியபடி கடந்திருக்கிறேன்.
தூங்காத கால்களுக்கு ஒவ்வொன்றும் நீளமாக இருந்தது.

கன்னியக்கோயில்.
எல்லைக்கு முந்திய கடைசிக் கடைகள்.
நின்றபடியே ஒரு நாட்டை முடித்துக்கொள்ளும் ஆட்கள்.
சாவடியில் பெண் போலீஸ் பையைத் திறக்கச் சொன்னார்.
பாட்டிலுக்குப் பதில் டிபன்பாக்ஸும்
நாலாம் நாளின் நகலும் இருந்தன.
இது என்ன?
மலைமேல் ஓர் எல்லை, மேடம். ஒரு கல்தான்.
இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் ஓர் எழுத்து.
அங்கே செக்கிங் இல்லையா?
இல்லை.
கொடுத்துவைத்தவர்கள், என்று பையைத் திருப்பித் தந்தார்.

பெண்ணையாற்றுப் பாலத்தில் செருப்பு வார் அறுந்தது.
கீழே தண்ணீரைவிட இருட்டு அதிகம் ஓடியது.
கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றேன்.
மஞ்சக்குப்பம் விளக்குகள் தெரிந்தும்
நகர முடியாத ஒரு நிமிஷம்.
பாதை யோசித்தது.

பத்து மணிக்கு வீட்டில்,
பக்கெட்டில் காலை வைத்தபடி செய்தி பார்த்தேன்.
வந்து சேர்ந்தார்கள், என்று பெஸ்னிக் எழுதியிருந்தான்.
வேறு வழியாக. குதிரையும் கூடவே வந்தது.

நாலாம் நாளைத் திறந்தேன்.
'கவனம் தேவை'யை அழித்தேன்.
அவன் சொன்னதை அவன் சொன்னபடியே வைத்தேன்.
தரத்தில் கைவைக்கவில்லை.
அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்:

குதிரை நகரும்.